மயிலுக்கு வனத்துறை, கோழிக்குக் குழம்புச் சட்டியா?

விராலிமலையில் மயிலுக்கு அடிபட்டால் வனத்துறைக்குப் போன் பறக்கும். 1963 முதல் தேசியப் பறவை, காவலுக்கு 1972-ஆம் வருடத்துச் சட்டம், போதாக்குறைக்கு மலைமேல் முருகனின் வாகனம். சரி, அதே முருகன் கொடியில் இருப்பது யாராம்? சேவல்தானே!

கொல்லையில் கீரியோ நாயோ கவ்விய கோழிக்கு மட்டும் உடனே தீர்ப்பு: "இனி தேறாது, அறுத்துடு." தோல் கிழிந்து தசை தெரிகிற கோழிகூடப் பிழைக்கும் மக்களே. அந்த வீட்டு அம்மாவின் முட்டைக் காசு அது.

இரக்கப்படுகிறவர்கள் லட்சணமோ அதைவிட மோசம். எச்சில், மண், இறகு எல்லாவற்றையும் உள்ளே விட்டு மேலே மஞ்சளை அப்பினால் புண் ஆறுமா, அழுகுமா? (மண்ணெண்ணெய் ஊற்றுகிற மகான்களும் உண்டு!) முதலில் கழுவுங்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன். அதை ஊற்றி ஊற்றிக் கழுவியபின் நீர்த்த போவிடோன் அயோடின். பிறகு தனிக்கூடை, ரத்தச் சிவப்பைக் கண்டால் கூட்டாளிக் கோழிகளே கொத்திக் கொன்றுவிடும். ஈ மொய்க்க விட்டால் ஒரே நாளில் புழு வைக்கும்.

பூனை கடித்ததா? அதன் வாயில் பாஸ்சுரெல்லா கிருமி இருக்கும். பல் பதிந்த சின்ன ஓட்டைதானே என்று விடாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள். ஊசி போட்டால், டாக்டர் சொல்லும் நாள்வரை அதன் முட்டையைத் தின்னாதீர்கள்.