யாருக்காக இந்த ஓடுபாதை?

இடுக்கிக்காரரும் கம்பம்-தேனிக்காரரும் வெளிநாட்டுல சந்திச்சா கடைசியில பேச்சு ஒரு இடத்துலதான் வந்து நிக்கும். "நம்ம பக்கம் ஒரு ஏர்போர்ட் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" கேட்க இனிக்கத்தான் செய்யுது. ஆனா பேங்குல கணக்குப் பார்த்தே பாதி ஆயுசு போனவன் நான். எனக்கு இனிப்பைவிட பாகற்காய்தான் பழக்கம்.

முதல்ல வண்டிப்பெரியாறு பக்கம் இருக்கிற சத்திரத்தைப் பாருங்க. என்.சி.சி. பயிற்சிக்குன்னு கேரள அரசு சுமார் 12 கோடி ரூபாயில 650 மீட்டர் ஓடுபாதை போட்டுச்சு. 2022 ஏப்ரலில் வந்த சின்ன விமானம், எதிரே மண்மேடு இருந்ததால இறங்காமலே திரும்பிப் போச்சு. ஜூலை மழையில ஓடுபாதையோட ஒரு ஓரம் சரிஞ்சது. டிசம்பர் 1ல்தான் முதல் விமானம் இறங்குச்சு, ரெண்டு பேர் உட்கார்றது. உடனே "ஆபத்துன்னா இனி விமானம் வரும்"னு பேச்சு. ஏ.டி.ஆர். மாதிரி பயணிகள் விமானத்துக்கு இதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நீளம் வேணுமய்யா!

ஆபத்துன்னதும் பெட்டிமுடி ஞாபகம் வருது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, தேயிலைத் தோட்ட லயத்துல தூங்கிட்டிருந்த நம்ம ஜனங்க 70 பேர் மண்ணுக்குள்ள போயிட்டாங்க. சேதி வெளியே வரவே விடிஞ்சிடுச்சு. போன் வேலை செய்யலை. பெரியவரை தற்காலிகப் பாலமும் வெள்ளத்துல போயிருந்தது. அன்னிக்கு வேண்டியிருந்தது ஒரு டவரும் ஒரு நல்ல பாலமும். ஓடுபாதை இல்லை.

சரி, மத்திய அரசோட உடான் திட்டத்துக்கு வருவோம். ஹவாய் செருப்பு போட்டவரும் பறக்கணும்னு சொல்லி 2017 ஏப்ரலில் முதல் விமானத்தை விட்டாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா 2023ல் வந்த தணிக்கைத் துறை அறிக்கை என்ன சொல்லுது? 774 வழித்தடங்கள்ல 403 தொடங்கவே இல்லை. தொடங்கின 371ல 112தான் மூணு வருஷ மானியக் காலத்தை முடிச்சது. அதுக்கப்புறமும் 2023 மார்ச் வரை ஓடினது 54. மொத்தத்துல நூத்துக்கு ஏழு! சேலத்தையே பாருங்க. 2018ல் தொடங்கின சேவை 2021ல் நின்னு, 2023 அக்டோபர்லதான் திரும்ப வந்துச்சு. மானியம் இருக்கிற வரைக்கும்தான் ஓடும்னு சொல்லி ஒருத்தர் பஸ் வாங்க லோன் கேட்டா, எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்?

அப்புறம் ஏன் கட்டுறாங்க? என் கணிப்பு இதுதான். ரயில் விட்டா வருஷா வருஷம் நஷ்டம் அரசாங்கக் கணக்குல நிக்கும், கேள்வி வரும். விமானத்துக்கான மானியத்துல பெரும் பங்கு, மத்த உள்நாட்டு வழித்தடங்கள்ல போடுற தீர்வையில இருந்து வருது. கடைசியில அது நம்ம டிக்கெட்லதான் விடியுது, ஆனா யார் கண்ணுலயும் படாது. திறப்பு விழா போட்டோ மந்திரிக்கு, சர்வீஸ் நின்னா பழி கம்பெனிக்கு. பக்கத்து நிலத்தோட விலை ஏறுறது தனிக்கதை.

அதே நேரத்துல மதுரை-போடி 90 கிலோமீட்டர் ரயில் 2010 கடைசியில நின்னுச்சு. அகலப்பாதையில போடிக்கு ரயில் திரும்பினது 2023 ஜூன்ல. பாலக்காடு-பொள்ளாச்சி, வெறும் 54 கிலோமீட்டர், 2008ல் நின்னு 2015ல் வந்துச்சு. இடுக்கி மெடிக்கல் காலேஜ் 2014ல் தொடங்கி, ரெண்டு வருஷத்துல பசங்களை வேற இடத்துக்கு மாத்தி, 2022லதான் மறுபடி உசுரு வந்துச்சு. இதுக்கெல்லாம் யாரும் அவசரப்படலையே, ஏன்?

"மலைக்காரன் பறக்கக் கூடாதா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. தாராளமா பறக்கட்டும். பாலக்காட்டுக்குக் கோயமுத்தூர் கூப்பிடு தூரத்துல இருக்கு. இடுக்கிக்காரருக்குக் கொச்சியும் மதுரையும் இருக்கு. அங்க போய்ச் சேர நல்ல ரோடும், நேரத்துக்கு ரயிலும், ராத்திரி நெஞ்சுவலி வந்தா பார்க்க ஒரு டாக்டரும் முதல்ல வரட்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல போற நமக்கு நாலு மணி நேரம் மிச்சமாகும்னு அடுத்த தடவை கைதட்டுறதுக்கு முன்னாடி, வருஷம் முழுக்க அங்கேயே இருக்கிற நம்ம அம்மா அப்பாவுக்கு எது வேணும்னு போன்ல ஒரு வார்த்தை கேளுங்க. ஏர்போர்ட்னு சொன்னாங்கன்னா எனக்கும் சொல்லுங்க!