கிளிநொச்சி நகரமா, கிராமமா?

சகோதரிகளே, கிளிநொச்சிச் சந்தைக்கோ வங்கிக்கோ புறப்படும்போது "ரவுனுக்குப் போறன்" என்றுதானே சொல்லுகிறோம்? ஆனால் 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி கிளிநொச்சி மாவட்டத்தில் நகரவாசி என்று ஒருவர்கூட இல்லை.

காரணம் இதுதான். மாநகரசபை, நகரசபை எல்லைக்குள் வாழ்ந்தவர்களையே அக்கணக்கெடுப்பு நகர மக்களாகக் கொண்டது. கிளிநொச்சிப் பட்டினமோ கரைச்சிப் பிரதேச சபைக்குள் அடங்குகிறது. பிரதேச சபை என்றால் கணக்கில் கிராமம். முன்னர் பட்டின சபைகளும் நகரங்களாக எண்ணப்பட்டன. 1980களில் அவை இல்லாமற்போயின. அதனால்தான் 1981இல் 21.5 வீதமாக இருந்த நாட்டின் நகர சனத்தொகை 2012இல் 18.2 வீதமாகக் "குறைந்தது". கொழும்பைவிட்டு எல்லோரும் வயலுக்குத் திரும்பிவிட்டார்கள் என்பதல்ல!

ஒரு நகரில் ஆட்கள் பெருகுவது நகர வளர்ச்சி. நாட்டு மக்களுள் நகரில் வாழ்வோரின் பங்கு கூடி, தொழிலும் உறவுகளும் வாழ்க்கை முறையும் மாறுவது நகரமயமாக்கம். வேலை தேடி வருவதையே பாடப்புத்தகங்கள் முதற்காரணமாகச் சொல்லும். எங்கள் பக்கத்தில் அது பாதிக்கதைதான். 1990களில் வவுனியா பெருத்தது இடம்பெயர்ந்து வந்தவர்களால். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாண நகரம் வெறுமையாகத் தொடங்கியது. இரணைமடுக் குளத்தை நம்பிய குடியேற்றங்களால் வளர்ந்து 1984இல் தனி மாவட்டமான கிளிநொச்சி, 1996இலும் 2008 இறுதியிலும் சனமின்றிப் போய், மீண்டும் எழுந்தது.

குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்குப் பட்டினம் என்ன தருகிறது? ஆடைத் தொழிற்சாலையிலோ கடையிலோ மாதச் சம்பளம். ஆனால் வளவில் கோழியும் முருங்கையும் இல்லை, வீட்டு வாடகை உண்டு, பிள்ளையைப் பார்க்க அம்மம்மா பக்கத்தில் இல்லை. இன்னொன்றும் உண்டு. ஊரில் கணவனை இழந்தவள் பொட்டு வைத்தால் நாலு பேர் கேட்பார்கள். பட்டினத்தில் கேட்க ஆளில்லை. அதை நான் சிறிய விடயமாக நினைக்கவில்லை.

கணக்கில் கிராமமானாலும் தெருவிளக்கு, வடிகால், குப்பை, சந்தைக் கடை எல்லாம் பிரதேச சபையின் பொறுப்பே. 2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. உங்கள் சபையில் உள்ள பெண் உறுப்பினர் யாரென்று விசாரித்து வையுங்கள். வேலை முடிந்து இரவில் நடந்துவரும் ஒழுங்கையில் விளக்கு இல்லையென்றால், நாலைந்து பேராகச் சேர்ந்து கடிதம் எழுதிச் சபையில் கொடுங்கள். பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்க மறக்கவேண்டாம்.