பத்து முறை இருண்ட அணுமின் நிலையம்

2025 அக்டோபர் நடுவில், உக்ரைனின் தினிப்ரோ ஆற்றங்கரையில் சில இடங்களில் மட்டும் பீரங்கிச் சத்தம் ஓய்ந்தது. போர் நிற்கவில்லை. அறுந்து கிடந்த உயரழுத்த மின்பாதைகளைச் சரிசெய்ய லைன்மேன்கள் உள்ளே போக வேண்டியிருந்தது. சர்வதேச அணுசக்தி முகமை இரு தரப்பிடமும் மாறி மாறிப் பேசி, லைன்மேன்கள் கம்பி இழுத்து முடிக்கும்வரை அந்த இடங்களில் சுடுவதில்லை என்று ரஷ்யாவையும் உக்ரைனையும் சம்மதிக்க வைத்திருந்தது.

அந்தக் கம்பி போய்ச் சேரும் இடம் சபோரிஷியா. ஆறு உலைகள் கொண்ட, ஐரோப்பாவின் மிகப் பெரிய அணுமின் நிலையம். 2022 மார்ச் 4 முதல் ரஷ்யப் படைகளின் பிடியில் இருக்கிறது. போருக்கு முன்பு அதற்கு நான்கு 750 கிலோவோல்ட் பாதைகளும் ஆறு 330 கிலோவோல்ட் பாதைகளும் இருந்தன. அவை ஒவ்வொன்றாக அறுந்து, மிஞ்சியிருந்த ஒன்றும் 2025 செப்டம்பர் 23 அன்று போயிற்று. அதன்பின் ஒரு மாதம் முழுக்க நிலையம் டீசல் ஜெனரேட்டர்களை நம்பியே மூச்சுவிட்டது. இப்படி வெளி மின்சாரத்தை முற்றிலும் இழந்தது, போர் தொடங்கியபின் அது பத்தாவது முறை.

மின்சாரம் தயாரிக்கும் இடத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் எதற்கு என்று கேட்கலாம். மண்சட்டிக் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் அது தளதளவென்று கொதிப்பதைப் பார்த்திருப்போம். சட்டியில் இருப்பது மிச்சச் சூடு. சற்று நேரத்தில் ஆறிவிடும். உலையில் இருப்பது அப்படியல்ல. பிளந்த அணுக்களின் எச்சங்கள் தாமாகவே சிதைந்து புதிய சூட்டைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் ஓர் உலைக்குள் சுமார் 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. அதை நிறுத்திய நொடியிலும் ஏறத்தாழ 200 மெகாவாட் வெப்பம் மிஞ்சும். நாளாக நாளாக அது குறையும், ஆனால் பூஜ்யமாகாது. அந்தச் சூட்டை வெளியேற்றத் தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் ஓட பம்ப் சுழல வேண்டும். பம்ப் சுழல மின்சாரம் வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்தவுடன், ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் சொன்னபடி கேட்டுத் தாமாக நின்றன. பிறகு வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. நின்றுபோன உலைகள்தான் உருகின. அப்படியோர் ஆபத்தைப் போரில் ஒரு பீரங்கிக் குண்டு தொடங்கிவைத்துவிட முடியும். அதுவும் உலையைத் தொடாமலே, பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு கோபுரத்தைச் சாய்த்தே.

அணு உலையும் போரும் என்றதும் ஏவுகணை வந்து கான்கிரீட் கூண்டை உடைப்பதுதான் எல்லோர் மனதிலும் ஓடுகிறது. ராணுவ வல்லுநர்களும் தொலைக்காட்சி விவாதங்களில் அந்தக் கூண்டின் தடிமனைச் சொல்லித் தைரியம் தருகிறார்கள். கூண்டு உறுதியானதுதான். ஆனால் உலையைக் காப்பது கூண்டு மட்டுமா? கம்பி, தண்ணீர், ஆள் என்ற மூன்றும் கூண்டுக்கு வெளியே இருக்கின்றன. போர் முதலில் கைவைப்பதும் இந்த மூன்றில்தான்.

தண்ணீரைப் பாருங்கள். 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்தது. சபோரிஷியா நம்பியிருந்த மாபெரும் நீர்த்தேக்கம் சில நாட்களில் சேற்றுவெளியாயிற்று. உலைகள் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்ததால் பதினொரு கிணறுகள் தோண்டிச் சமாளிக்க முடிந்தது. ஆறு உலைகளும் முழுவீச்சில் ஓடிக்கொண்டிருந்திருந்தால் கிணற்றுத் தண்ணீர் எந்த மூலைக்குப் போதும்?

ஆட்களின் கதை இன்னும் வேதனையானது. 2022 பிப்ரவரி 23 இரவு செர்னோபிலில் வேலைக்கு வந்தவர்கள் மறுநாள் காலை வீடு திரும்பியிருக்க வேண்டும். அதற்குள் ரஷ்யப் படை நுழைந்துவிட்டது. அவர்களில் பலருக்கு மாற்று ஆள் வந்தது மார்ச் 20 அன்றுதான். சுமார் 600 மணி நேரம் ஒரே ஷிஃப்ட்! சுற்றிலும் துப்பாக்கிகள், நடுவில் மின்சாரமும் துண்டிக்கப்பட்டது. பயன்படுத்திய எரிகோல்கள் கிடக்கும் தொட்டிகளை அந்த நிலையிலும் கண்காணித்தார்கள். தூக்கமில்லாத ஒரு மனிதனின் விரல் தவறான பொத்தானில் படாமல் இருந்ததற்கு அவர்களின் மன உறுதியைத் தவிர வேறு காரணம் இல்லை.

அதே செர்னோபிலில், வெடித்த நான்காம் உலையின்மேல் 2016இல் நகர்த்தி நிறுத்திய பிரம்மாண்டமான வளைவுக் கூடாரம் நூறாண்டு தாங்கும் என்று கட்டப்பட்டது. 2025 பிப்ரவரி 14 அன்று ஒரு டிரோன் அதில் ஓட்டை போட்டது. கூரையின் அடுக்குகளுக்கு இடையே புகைந்த நெருப்பை அணைக்க வாரக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. பல நாடுகள் சேர்ந்து கொடுத்த 150 கோடி யூரோ செலவில் எழுந்த கட்டுமானம் அது.

இது ஒரு நாட்டின் குற்றம் மட்டுமல்ல. 2024 ஆகஸ்டில் உக்ரைன் படைகள் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்தபோது, அங்குள்ள அணுமின் நிலையமும் போர்முனைக்கு அருகே வந்தது. அங்கே அப்போது ஓடிய உலைகள் செர்னோபில் ரகம். தடித்த கான்கிரீட் கூண்டே கிடையாது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் அணுசக்தி நிலையங்களைத் தாக்கின. அந்த நாட்களில் புஷேர் அணுமின் நிலையத்தையும் தாக்கியதாக இஸ்ரேலிய ராணுவச் செய்தித் தொடர்பாளர் ஒருவர் சொன்னார். பிறகு ராணுவத் தரப்பே அது தவறு என்றது. வளைகுடா முழுக்க வயிற்றைக் கலக்கிய சில மணி நேரம் அது. புஷேருக்குத் தெஹ்ரானைவிடக் குவைத் நகரம்தான் பக்கம். குவைத்தின் குடிநீரில் ஏறத்தாழ 90 சதவீதம் கடல்நீரைச் சுத்திகரித்தது. அந்தக் கடலில் கதிரியக்கம் கலந்தால் ஒரு நாடு எதைக் குடிக்கும்? அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் குடிப்பதும் அதே தண்ணீர்தான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறையின் 56ஆம் பிரிவு அணைகளையும் அணுமின் நிலையங்களையும் தாக்கக் கூடாது என்கிறது. கூடவே ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது: ராணுவ நடவடிக்கைக்குத் தொடர்ந்து, கணிசமாக, நேரடியாக மின்சாரம் தரும் நிலையம் என்றால், வேறு வழியில்லாதபோது விலக்கு உண்டு. எந்தப் படைத்தளபதிதான் இந்த விலக்கைத் தனக்குச் சாதகமாகப் படிக்க மாட்டார்? அமெரிக்காவும் இஸ்ரேலும் ஈரானும் இந்த நெறிமுறையை ஏற்று உறுதி செய்யவே இல்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் அப்படியே.

ஆனால் இந்த இரண்டு அண்டை நாடுகளும் வேறொன்றைச் செய்திருக்கின்றன. ஒருவர் மற்றவரின் அணுசக்தி நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று ஓர் ஒப்பந்தம் போட்டன. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று, தத்தம் நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போரும் மும்பைத் தாக்குதலும் அந்த வழக்கத்தை முறிக்கவில்லை. இதில் விலக்குக் கதவு இல்லை. உலகத்துக்கே எடுத்துக்காட்டலாம்.

ஒரு குறை உண்டு. உலைகள், செறிவூட்டும் ஆலைகள், எரிபொருள் கிடங்குகள் என்று நிலையங்களைத்தான் அந்த ஒப்பந்தம் பேசுகிறது. நிலையத்துக்கு வரும் மின்பாதையையோ, தண்ணீர் தரும் அணையையோ, ஷிஃப்டுக்கு வரும் ஊழியரையோ அது குறிப்பிடவில்லை. 1988இல் அது யாருக்கும் தோன்றியிருக்காது. சபோரிஷியாவைப் பார்த்தபின் தோன்றாமல் இருக்கக் கூடாது. கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளும் சபோரிஷியா உலைகளும் ஒரே ரஷ்யக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கூடங்குளம் பிந்தைய வடிவம். மின்சாரம் இல்லாமலே காற்றோட்டத்தால் சூட்டை வெளியேற்றும் ஏற்பாடு அதில் உண்டு. அது நல்ல செய்தி. ஆனாலும் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு பக்கத்து ஊரான இடிந்தகரையின் மீனவர்கள் கேட்டது இதைத்தான்: எல்லாமே கைவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியை டெல்லி இப்போது இஸ்லாமாபாத்துடன் சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம். அடுத்த ஜனவரி 1 அன்று பட்டியல் கைமாறும்போது, நிலையங்களுக்குப் போகும் மின்பாதைகளும் நீர்வழிகளும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும். அவற்றைப் பழுதுபார்க்கப் போகும் லைன்மேன் மீது சுடுவதில்லை என்று ஒரு வரியும் சேர வேண்டும்.