ஈ.சி.ஆர். பக்கம்: பாட்டு அரிவாள் தூக்குமா பாஸ்?

காலாப்பட்டை முதல் தடவை பார்க்கிறவங்க கொஞ்சம் முழிப்பாங்க. ஈ.சி.ஆரில் சில நிமிஷ தூரத்துக்குள்ளேயே சென்ட்ரல் யூனிவர்சிட்டி, எங்களை மாதிரி இன்ஜினீயரிங் பார்ட்டிகளுக்கு டெக்னாலஜிக்கல் யூனிவர்சிட்டி, அம்பேத்கர் பெயரில் அரசு சட்டக் கல்லூரி, ஒரு மெடிக்கல் காலேஜ்... அப்படியே தலையைத் திருப்பினா மத்திய சிறைச்சாலை! 'ஒழுங்கா படிச்சா அந்த கேட்டு, இல்லேன்னா இந்த கேட்டு'னு டவுன் பஸ்ல யாராவது ஒரு பெரியவர் வாரத்துக்கு ஒருமுறை ஜோக் அடிப்பார். நாங்களும் புதுசா கேட்கிற மாதிரியே சிரிச்சு வைப்போம்.

இந்த வாரம் மேட்டர் கொஞ்சம் சீரியஸ். ஈ.சி.ஆர். ஓரத்துக் காலேஜ் ஒண்ணுல கல்சுரல்ஸுக்கு ராப், கானா ரெண்டுக்கும் தடா! காரணம் கேட்டால் வன்முறையாம். பசங்க கெட்டுப் போறாங்களாம். எந்தக் காலேஜ்னு மட்டும் கேட்காதீங்க, அங்கே என் ஃப்ரெண்ட்ஸ் இன்னும் டிகிரி வாங்கணும்.

செய்தி வந்த அன்னிக்கு ராத்திரியே எங்க ஹாஸ்டல் ரெண்டாகப் பிரிஞ்சது. "மச்சி, எக்ஸாமுக்குப் போறப்ப நான் கேட்கிறதே கேங்ஸ்டர் பாட்டுதான். யாரையாவது வெட்டினேனா? பேப்பர்ல மார்க்கைத்தான் வெட்டினாங்க!" இது கடலூர் பார்ட்டி. "நீ வெட்ட மாட்டடா. ஆனா அதே பாட்டைப் போட்டுக் கத்தியோட ரீல்ஸ் விடுறவன் எங்க ஏரியாவிலேயே இருக்கான்" என்றான் ரூம்மேட். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான். அதனாலதான் சண்டை பன்னிரண்டு மணி வரைக்கும் போச்சு.

வன்முறையை நாம ஏதோ அமெரிக்கப் படத்துல மட்டும் பார்க்கிறவங்க இல்லை. நாட்டு வெடிகுண்டு வீசிக் கொலைங்கிற செய்தியை இந்த ஊர்ல சின்ன வயசுல இருந்தே பேப்பர்ல பார்த்து வளர்ந்திருக்கோம். ஆகவே, 'சும்மா பாட்டுதானே பாஸ்'னு தோளைக் குலுக்கிட்டுப் போக எனக்கு மனசு வரலை. பாட்டுமேலேயே பழியைப் போடறதும் சரியாப் படலை.

முதல்ல எதிர்க்கட்சிக்கு மைக் கொடுப்போம். 2003-ல் அமெரிக்காவில் ஆண்டர்சன், கார்னகி, யூபேங்க்ஸ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 500-க்கும் மேற்பட்ட காலேஜ் ஸ்டூடன்ட்ஸை வெச்சு அஞ்சு சோதனை நடத்தினாங்க. வன்முறை வரிகள் உள்ள பாட்டைக் கேட்டவங்க மனசுல முரட்டு எண்ணமும் எரிச்சலும் கூடுதலா இருந்துச்சு. ஆக, பாட்டு சூடேத்தும். ஒப்புக்கறேன். ஆனா அவங்க அளந்தது எண்ணத்தையும் உணர்ச்சியையும்தான். யாரும் எழுந்து போய் யாரையும் அடிக்கலை. அந்தச் சூடு சீக்கிரமே ஆறிப் போகலாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

அடுத்தது, கேங்ஸ்டா ராப்பின் தாய்வீடு. 1988-ல் என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஆல்பம் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்து காம்ப்டன்ல இருந்து வந்தது. அதில் போலீஸைத் திட்டின பாட்டுக்காக 1989-ல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருத்தர் ரெக்கார்ட் கம்பெனிக்கே கண்டனக் கடிதம் அனுப்பினார். அதுக்கப்புறம் வந்த பத்து வருஷம்தான் கேங்ஸ்டா ராப்புக்கு ராஜயோகம். டூபாக் 1996-லும் பிக்கி 1997-லும் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்தக் காலத்துலதான். ஆனா அதே நாட்டில் வன்முறைக் குற்றம் லட்சம் பேருக்கு 1991-ல் 758-ஆக இருந்து, 2000-ல் 507-ஆக இறங்கியிருந்தது! ராப் கேட்டதால குறைஞ்சதுன்னு நான் ரீல் விட மாட்டேன். ஆனா ராப் கேட்டா கூடும்ங்கிற கணக்கும் அங்கே டேலி ஆகலையே.

போதும் அமெரிக்கா. நம்ம ஊருக்கு வருவோம்.

நமக்கு ராப் 1994-ல் 'காதலன்' படத்து பேட்டை ராப் வழியா வந்தது. 2006-ல் மலேசியாவில் இருந்து யோகி பி - நட்சத்ரா 'வல்லவன்' ஆல்பத்தை இறக்கினப்போ, தமிழ்ல இப்படியும் பாடலாமான்னு நம்ம அண்ணன்மாரெல்லாம் வாயைப் பிளந்தாங்க. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடியே வடசென்னையில கானா இருந்தது. சாவு வீட்டுலயும் தெருமுனையிலயும் நின்ன இடத்துல கட்டிப் பாடறது. நம்ம ஊர் ராப் அதுதான்னு நான் அடிச்சுச் சொல்வேன். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 19 பேரோட மேடை ஏறி, கானாவையும் ராப்பையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தினப்போ ஒட்டுப்போட்ட மாதிரியே தெரியலை.

இந்தக் கானாவுக்குத்தான் இன்னொரு முகமும் இருக்கு. ரூட்டு கானா.

சென்னையில் காலேஜுக்குப் போற பஸ் ரூட், ட்ரெயின் ரூட் ஒவ்வொண்ணுக்கும் ஒரு 'ரூட்டு தல'. பஸ் தகரமே தாளம். பாட்டுல தலையோட பேரு, ரூட்டோட பேரு, எதிர் ரூட்டுக்கு ஒரு சவால். கேட்க செம ஜாலியா இருக்கும். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் 29-இ பஸ்ஸை மறிச்சு, பட்டப்பகலில் பட்டாக்கத்தியால் மாணவர்களை மாணவர்களே வெட்டினாங்க. ரெண்டு தரப்பும் பச்சையப்பன் கல்லூரிதான்! ஒரே காலேஜ், ஒரே பரீட்சை, வேற வேற ரூட். அவ்வளவுதான் பகை. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல அடிபட்ட மாநிலக் கல்லூரி முதலாண்டு மாணவர் அஞ்சு நாள் கழிச்சு ஆஸ்பத்திரியில இறந்துட்டார். கைதானவங்க பச்சையப்பன் மாணவர்கள். செத்தவரும் உள்ளே போனவங்களும் நம்ம வயசு. ஏன், நம்மைவிடச் சின்ன வயசு.

இங்கே பாட்டுக்குப் பங்கு இருக்கா? இருக்கு. நான் மழுப்ப மாட்டேன். ஆனா கவனிங்க... பாட்டுல அரிவாள் வந்ததா வரலையாங்கிறது அங்கே பிரச்னையே இல்லை. பாட்டுல ஒரு அட்ரஸ் இருக்கு. இந்த ரூட், இந்த ஸ்டேஷன், இந்த ஆள். கேட்கிற எதிராளிக்கு அது பாட்டு இல்லை, நோட்டீஸ். பதில் சொல்லலைன்னா அவன் பசங்க முன்னாடி அவன் டம்மி. சினிமா கேங்ஸ்டர் பாட்டுல ஹீரோ யாரை மிரட்டறார்? யாருமே இல்லை, காத்தைத்தான்! 'பாட்ஷா' பார்த்த ஆட்டோக்காரர் எல்லாம் 1995-ல் இருந்து டான் ஆகியிருந்தா, இன்னிக்கு காலாப்பட்டு ஸ்டாப்புல ஷேர் ஆட்டோ கிடைக்குமா?

2023 ஜூனில் 'லியோ' படத்தோட 'நா ரெடி' பாட்டு வந்ததும், போதையையும் ரவுடித்தனத்தையும் தூக்கிப் பிடிக்குதுன்னு போலீஸுக்கு புகார் போச்சு. வீடியோவில் சிகரெட் எச்சரிக்கை வரி சேர்ந்தது. நல்லதுதான். ஆனா நாம ஹீரோ வாயில இருந்த சிகரெட்டைப் பார்த்துக்கிட்டு இருந்த நேரத்துல, சின்னப் பசங்க நிஜ ரவுடிகிட்ட இருந்தே நேரடியா டியூஷன் எடுத்தாச்சு. 2018 பிப்ரவரியில் சென்னைக்கு வெளியே மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி அரிவாளால் பர்த்டே கேக் வெட்டினார். போலீஸ் சுத்தி வளைச்சு எழுபது பேருக்கு மேல அள்ளிக்கிட்டுப் போச்சு. அந்தப் படம் ஊரெல்லாம் சுத்தினதுக்கு அப்புறம், பட்டாக்கத்தியில கேக் வெட்டி ஜெயிலுக்குப் போன வாண்டுகள் எத்தனை! பின்னாடி ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கிட்டுதான் இருந்திருக்கும். அந்த இடத்துல 'சின்ன சின்ன ஆசை' ஓடியிருந்தாலும் கத்தி கத்திதானே?

இதை எங்க சட்டக் கல்லூரி அக்கா ஒருத்தங்ககிட்ட சொன்னேன். "தம்பி, 2008 நவம்பர் 12 தெரியுமா?" என்றாங்க. சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரி. சாதியா பிரிஞ்சு நின்ன மாணவர்கள் டி.வி. கேமரா முன்னாடியே கட்டையால அடிச்சுக்கிட்டாங்க. போலீஸ் கேட்டுக்கு வெளியே நின்னு வேடிக்கை பார்த்ததுன்னு நாடே திட்டினது. பொறி எங்கே விழுந்துச்சு? ஒரு போஸ்டர்ல. விழா போஸ்டர்ல காலேஜ் பேரைப் போட்டவங்க, அம்பேத்கர் பேரை மட்டும் விட்டுட்டாங்க. ஒரு பேரைச் சேர்க்கிறதுலயும் பத்திக்கும், விடறதுலயும் பத்திக்கும்! ராப்பும் இல்லை, கானாவும் இல்லை. மரம் ஏற்கெனவே காய்ஞ்சு இருந்துச்சு.

அக்கா சொன்னதுல இருந்து பஞ்சாபும் ஞாபகத்துக்கு வந்தது. சித்து மூசேவாலா பாட்டெல்லாம் துப்பாக்கி மயம். 2020-ல் 'சஞ்சு' பாட்டுக்காக அவர்மேல கேஸே போட்டாங்க. 2022 மே 29-ல் மான்சா பக்கத்துல அவரையே சுட்டுக் கொன்னாங்க. பார்த்தியா, பாட்டு திருப்பி அடிச்சிடுச்சுன்னு சொல்றது ரொம்ப ஈஸி. பொறுப்பேற்றது லாரன்ஸ் பிஷ்னோய் கும்பல். தங்களுக்கு வேண்டிய ஒருத்தர் 2021-ல் கொல்லப்பட்டதுக்குப் பழி வாங்கினதாச் சொன்னாங்க. அந்த பிஷ்னோய் உருவானது எங்கே தெரியுமா? சண்டிகர் காலேஜ் எலெக்‌ஷன்ல! ஸ்டூடன்ட் லீடரா ஆரம்பிச்ச ஆள். 2022 நவம்பரில் பஞ்சாப் அரசு துப்பாக்கியைப் புகழும் பாட்டுக்குத் தடை போட்டது. காலேஜ் எலெக்‌ஷனுக்கு எதுக்கு அடியாள்னு யாராவது கேட்டிருந்தா, கதை கொஞ்சம் முன்னாடியே மாறியிருக்கலாம்.

அப்போ அரசியல் ராப்? அதுவும் பேர் சொல்லித்தான் திட்டுது. இன்னும் பச்சையா திட்டுது. 2015 ஜூலையில் சென்னைப் பொண்ணு சோஃபியா அஷ்ரஃப் 'கொடைக்கானல் வோன்ட்' என்று ஒரு ராப் விட்டார். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரியின் பாதரசக் கழிவைப் பற்றி, யூனிலீவர் கம்பெனி பேரை நேரா சொல்லி. ஃபேக்டரி 2001-லேயே மூடியாச்சு. தொழிலாளர்கள் அதுக்கப்புறம் வருஷக் கணக்கா கோர்ட்டு, போராட்டம்னு அலைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பாட்டு உலகமெல்லாம் ஓடினது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோட கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டும் ஜெயிக்கலை, அந்த 591 பேரோட பிடிவாதமும் ஜெயிச்சது. ஒரு கண்ணாடிகூட உடையலை.

ரெண்டுலயும் கோபம்தான், ரெண்டுலயும் பேருதான். ஆனா ஒண்ணுல பேரு மேலே இருக்கிறவனோடது. பதில் அறிக்கையா வரும், வக்கீல் நோட்டீஸா வரும். இன்னொண்ணுல பேரு அடுத்த பெஞ்சுல இருக்கிறவனோடது. பதில் பஸ் ஸ்டாப்புல வரும். அரக்கோணம் அறிவு 2021-ல் 'எஞ்சாய் எஞ்சாமி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன் பாட்டி வள்ளியம்மாள் கதையைக் கொண்டுவந்தப்போ, குழந்தைங்ககூட கூடவே பாடினாங்க. அதுக்குள்ள இருந்த கோபம் சின்னதா என்ன?

அதனால அந்தக் கல்சுரல்ஸ் கமிட்டி நண்பர்களுக்கு நான் சொன்னது இதுதான். தடையை எடுக்கச் சொல்லிக் கேளுங்க. பதிலுக்கு ஒரு கண்டிஷனை நீங்களே கொடுங்க. சக மாணவன் பேரு, டிபார்ட்மென்ட், ஏரியா, சாதி எதையும் இழுத்து வம்புக்குக் கூப்பிடற வரி இருந்தா மைக் ஆஃப். சர்க்காரு, கம்பெனி, ஃபீஸ், மெஸ் சாம்பார்... இதையெல்லாம் எவ்வளவு வேணா திட்டிக்கலாம். "மெஸ் சாம்பாரைத் திட்டினா வார்டன் வெட்டிடுவாருடா" என்றான் ஒருத்தன். அந்த ரிஸ்க்கை எடுத்துத்தான் ஆகணும்.

திட்டறதுக்கு இங்கே மேட்டரா இல்லை? பிள்ளைச்சாவடிக்கு நடந்து போய்ப் பாருங்க, கடல் வீட்டுக்குள்ள வந்தாச்சு. 1980-களின் கடைசியில் புதுச்சேரி துறைமுகத்துக்காகப் போட்ட கல்சுவர் வடக்கே வர்ற மணலைத் தடுத்து நிறுத்த, கரை கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போச்சு. மீனவர்கள் ரோட்டுல உட்கார்ந்து மறியல் பண்றப்ப, நம்ம பஸ் லேட்டுனு நாம சலிச்சுக்கிறோம். 2023 நவம்பரில் காலாப்பட்டு மருந்துத் தொழிற்சாலையில் வெடிவிபத்து நடந்து தொழிலாளர்கள் கருகினாங்க. நம்ம கிளாஸ்ரூம்ல இருந்து கூப்பிடு தூரம். இது ரெண்டைப் பத்தியும் எங்க ஹாஸ்டல்ல ஒரு வரி ராப் நான் கேட்டதில்லை. நம்ம ரைமிங் புலவர்கள் இன்னும் 'கெத்து'க்கு 'வெத்து' தேடிக்கிட்டு இருக்காங்க.

முதலாண்டு தங்கச்சி ஒருத்தி மட்டும் கடலைப் பத்தி பதினாறு வரி எழுதி வெச்சிருக்கா. அவ அப்பா போட்டுல போறவர். பீட் போடத்தான் ஆள் இல்லையாம். லேப்டாப்பும் ஒரு சுமாரான மைக்கும் இருக்கிறவங்க எழுதுங்க, கோத்து விடறேன்.