கிளட்ச் யார் காலில்?

இலக்கியம் பேசக் கூடிய இடத்தில் கார் பற்றிய பேச்சு எழுந்தால் சற்று நெளிந்து அமரும் வழக்கம் எங்களுக்கும் உண்டு. ஆனால் அண்மையில் நாகர்கோவிலில் நண்பர்கள் கூடியிருந்தபோது, ஒரு நாவலைப் பற்றி மூன்று மணி நேரம் ஒத்த குரலில் பேசியவர்கள், ஸ்போர்ட்ஸ் காரில் கியர் ஓட்டுபவன் கையில் இருக்க வேண்டுமா, எந்திரத்திடம் விட்டுவிட வேண்டுமா என்ற கேள்வியில் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரிடமும் ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது. வாங்கும் உத்தேசமும் வசதியும் இல்லை. ஆகவே அது கலப்பற்ற கொள்கைச் சண்டையாகவே நடந்தது. இரு தரப்பாரும் சொன்னவற்றில் பெரும்பகுதி பிழை என்று கருதுகிறோம். இரு தரப்பாரும் காணத் தவறிய ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் மேனுவல் கட்சி. கைதேர்ந்த ஓட்டுநர் எந்திரத்தைவிட விரைவாகக் கியர் மாற்றுவான் என்பது அவர்களுடைய முதல் வாதம். இந்த வழக்கு தீர்ப்பாகி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1989 மார்ச்சில் பிரேசில் கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 முதன்முதலாகக் களமிறங்கியது. கியர்த் தண்டு இல்லை. ஸ்டியரிங்கின் பின்புறம் விரலால் இழுக்கும் இரண்டு துடுப்புகள் மட்டுமே. பாதி வழியில் நின்றுவிடும் என்று பலரும் எதிர்பார்த்த அந்தக் காரில் நைஜல் மான்செல் வென்றார். அந்த ஆண்டு முழுக்க அது அடிக்கடி பழுதானது உண்மை. ஆனால் ஆறேழு ஆண்டுகளுக்குள் ஃபார்முலா ஒன் களத்திலிருந்து கைக்கியர் மறைந்தே போயிற்று. சாலைக் கார்களிலும் கதை வேறல்ல. 2023 மேயில் இந்தியச் சந்தைக்கு வந்த பிஎம்டபிள்யூ எம்2 நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆட்டோமேட்டிக்கில் 4.1 விநாடி, மேனுவலில் 4.3 விநாடி. மெதுவான அந்த மேனுவலுக்கு நம் நாட்டில் ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். வேகத்தின் பெயரால் மேனுவலுக்கு வாதாடுகிறவர், தோற்ற கட்சியின் வக்கீல்.

அவர்களுடைய இரண்டாவது வாதம் வாதமே அல்ல, ஏளனம். ஆட்டோமேட்டிக் என்பது பெண்களுக்கும் ஓட்டத் தெரியாதவர்களுக்குமானது என்கிறார்கள். ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், இது வெட்கக்கேடான பேச்சு. 1980களில் வந்த கைனெடிக் ஹோண்டாவும் 2000களின் தொடக்கத்தில் பரவிய ஆக்டிவாவும் இந்த மாவட்டத்தின் ஆசிரியைகளையும் செவிலியரையும் பேருந்துக்குக் காத்து நிற்கும் துன்பத்திலிருந்து விடுவித்தன. 2018இல் தமிழக அரசு உழைக்கும் மகளிருக்கு இருசக்கர வாகன மானியம் அளித்தபோது, கியர் போட வேண்டாத வண்டிகளையே அதற்கு விதித்தது. 2014இல் மாருதி செலேரியோ மலிவான தானியங்கிக் கியருடன் வந்தபோது, இளம்பிள்ளை வாதத்தில் இடக்கால் வலுவிழந்த எத்தனையோ பேருக்கு, பட்டறையில் மாற்றியமைக்காமலேயே ஓட்டத்தக்க கார் கைக்கெட்டும் விலையில் வந்தது. ஒரு கருவி சிலருக்கு விடுதலை தருகிறதென்றால் அதை எள்ளி நகையாடுவது ரசனையாகாது.

இனி ஆட்டோமேட்டிக் கட்சி. துடுப்பை இழுத்துக் கியர் மாற்றுவதும் மேனுவலும் ஒன்றே, கிளட்ச் மிதிக்கும் தொல்லை மட்டும் இல்லை என்பது அவர்கள் வாதம். எந்திரம் எப்படி வேலை செய்கிறதென்று அறியாதவர்களே இதைச் சொல்ல முடியும். 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாகச் சாலைக்கு வந்த இரட்டை கிளட்ச் அமைப்பில் ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்சிலும் இரட்டைப்படைக் கியர்கள் மற்றொன்றிலும் இருக்கின்றன. நீங்கள் மூன்றில் ஓடும்போதே நான்கு கோர்க்கப்பட்டுக் காத்திருக்கிறது. நீங்கள் துடுப்பை இழுக்கையில் செய்வது ஒரு விண்ணப்பம். கணினி அதைப் பரிசீலிக்கிறது. எஞ்சினுக்குக் கேடு வரும் வேகத்தில் இரண்டாம் கியர் கேட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். மேனுவலில் விண்ணப்பம் இல்லை. ஐந்துக்குப் பதில் மூன்றைப் போட்டுவிட்டால் அது விழும், எஞ்சின் அலறும், சில வேளைகளில் சிதறும். வளைவுக்கு முன் வலக்காலின் முன்பாதத்தால் பிரேக்கை அழுத்திக்கொண்டே அதே காலின் விளிம்பால் ஆக்சிலரேட்டரைத் தட்டி, இடக்காலால் கிளட்சை விட்டு, மூன்றிலிருந்து இரண்டுக்கு அதிர்வில்லாமல் இறங்குவது பல மாதப் பழக்கத்தில் கைவருவது. தவறு செய்ய இடமிருக்கிற காரியத்தில்தான் சரியாகச் செய்வதற்கு மதிப்பு உண்டு. துடுப்பு அந்த இடத்தை அடைத்துவிடுகிறது.

இதைச் சொல்ல ஒரு சாட்சியும் உண்டு. போர்ஷே நிறுவனம் 2013இல் தன் 911 ஜிடி3 காரை இரட்டை கிளட்ச் தானியங்கிக் கியருடன் மட்டுமே வெளியிட்டது. முன்னதைவிட வேகமான கார். வாங்கக்கூடியவர்களோ முணுமுணுத்தார்கள். 2016இல் அந்நிறுவனம் மேனுவல் மட்டுமே கொண்ட 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் செய்தது. அதற்கு ஏற்பட்ட போட்டியைக் கண்டபின் 2017இல் ஜிடி3 காருக்கே மேனுவல் திரும்பி வந்தது. இங்கே இருங்காட்டுக்கோட்டை ஆலையில் ஹ்யுண்டாய் செய்யும் ஐ20 என் லைன், ஸ்போர்ட்ஸ் கார் ஆகாதெனினும் அதன் ஏழைத் தம்பி. 2021இல் அதற்குக் கிளட்ச் மிதி இல்லாத ஒரு கியரையும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கையும் கொடுத்தார்கள். 2023இல் அந்த மிதியில்லாக் கியரை நீக்கி, மூன்று மிதிகளுடன் உண்மையான மேனுவலைக் கொண்டுவந்தார்கள். விலைக்கணக்கு அறிந்த நிறுவனங்கள் இழப்பை உணர்ந்த பிறகும், நம் நண்பர்கள் இரண்டும் ஒன்றே என்கிறார்கள்.

இலக்கிய வாசகருக்கு இதை விளக்க வேறோர் எடுத்துக்காட்டு கைவசம் உள்ளது. ஒரு காலத்தில் நம் மொழியில் மருத்துவம், சோதிடம், கணக்கு எல்லாம் செய்யுளில் இருந்தன. கணக்கதிகாரம் செய்யுள் நூல். இந்த மாவட்டத்தின் ஆசான்கள் காத்துவந்த வர்மச் சுவடிகளும் பாட்டுகளே. மனனம் செய்ய எளிது என்பதால் செய்யுள் அந்தச் சுமையைத் தூக்கியது. அச்சும் உரைநடையும் வந்தபின் அந்தப் பணிகள் அதன் தோளிலிருந்து இறங்கின. மருந்தின் அளவை இன்று யாரும் வெண்பாவில் எழுதுவதில்லை. எழுதச் சொல்பவரை நாம் கிறுக்கர் என்போம். ஆனால் அதனால் வெண்பா வீணாகவில்லை. இனி அதை எழுதுகிறவன், அதன் தளைக்காகவும் ஓசைக்காகவும் மட்டுமே எழுதுகிறான். மேனுவல் கியரும் அவ்வாறே. வேகத்தைத் தரும் பொறுப்பிலிருந்து அதை எந்திரம் விடுவித்துவிட்டது. எஞ்சியிருப்பது ஓட்டும் இன்பம் ஒன்றே.

இங்கிருந்துதான் எங்கள் தரப்பு தொடங்குகிறது. உழைப்பை எந்திரம் எடுத்துக்கொள்ளட்டும். விளையாட்டை மனிதனிடம் விட்டுவைக்கட்டும். இதில் புதுமை ஏதும் இல்லை. குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குப் போகிறவர் வள்ளத்தில் எந்திரம் பொருத்திக்கொண்டதை யாரும் குறை சொல்ல முடியாது. துடுப்பு வலித்து வந்த தோள்வலியை அவர்களே அறிவர். ஆனால் 1952 முதல் ஆலப்புழையில் நடந்துவரும் நேரு கோப்பை வள்ளப் போட்டியில் சுண்டன் வள்ளத்துக்கு எந்திரம் பொருத்தினால் கரையில் ஒருவரும் நிற்க மாட்டார்கள். இரண்டும் வள்ளந்தான். ஒன்று வேலை, மற்றது விளையாட்டு. ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரிலேயே விளையாட்டு இருக்கிறது. நான்கு பேர் அமர முடியாத, அரிசி மூட்டை ஏற்ற முடியாத, வேகத்தடை தாண்டினால் அடிவயிறு உரசும் ஒரு வண்டியைப் பெரும் பணம் கொடுத்து ஒருவர் வாங்குவது ஓட்டுவதற்காக மட்டுமே. அதில் ஓட்டும் வேலையை எந்திரத்திடம் ஒப்படைப்பது, பாயசத்தைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துக் குடிக்கச் சொல்வது போன்றது.

ஆனால் எங்கள் கோபம் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் மீதல்ல. அவர்கள் பணம், அவர்கள் பாயசம். கோபம் இதன் மறுபக்கத்தில் உள்ளது.

நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளைக்குப் போகும் சாலையை அறிந்தவர்கள் அறிவார்கள். பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், சாமியார்மடம், மார்த்தாண்டம், குழித்துறை என்று ஊர் முடியுமுன் ஊர் தொடங்கும் சாலை அது. பத்து மீட்டர் நகர்ந்து நிற்கும் ஊர்வலம். திருவிதாங்கூர் அரசு 1938இல் பேருந்துச் சேவையைத் தொடங்கிய காலத்திலேயே திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் இணைத்த தடம் இது. இன்றும் இதில் ஓடும் பேருந்துகளில் பெரும்பாலானவற்றில் ஓட்டுநர் இடக்காலால் கிளட்சை மிதித்து மிதித்து விடுகிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஒவ்வொரு வேகத்தடையிலும், குறுக்கே வரும் ஒவ்வொரு ஸ்கூட்டருக்காகவும். காரின் கிளட்சைப் போல அது மெல்லிசும் அல்ல. பணி முடிந்து இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கும் ஓட்டுநர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவருக்குக் கியர் மாற்றுவதில் எந்த இன்பமும் இல்லை. அது கூலி வேலை.

ஆக, நம் காலத்தின் ஏற்பாடு இதுதான். விளையாடுவதற்காகக் கார் வாங்கியவருக்கு எந்திரம் கியர் போட்டுக் கொடுக்கிறது. பிழைப்புக்காகப் பேருந்து ஓட்டுகிறவர் மூட்டு தேயும்வரை தானே போட்டுக்கொள்கிறார். தொழில்நுட்பம் யாருக்கு முதலில் போய்ச் சேருகிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டாம். சென்னையில் 2025 ஜூன் இறுதியில் 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றில் கிளட்சும் இல்லை, கியர்த் தண்டும் இல்லை. நல்ல தொடக்கம். அந்த வசதி அழகியமண்டபத்து நெரிசல் வரை வர வேண்டும் என்று கேட்பது, ஸ்போர்ட்ஸ் காரில் மேனுவல் வேண்டும் என்று கேட்பதன் தொடர்ச்சியே. எங்களுக்கு இரண்டும் ஒரே கோரிக்கை.

இதற்கு நண்பர்கள் எழுப்பிய மறுப்புகள் இரண்டு. ஒன்று, இந்த நெரிசலில் மேனுவல் ஸ்போர்ட்ஸ் காரை எங்கே ஓட்டுவது என்பது. நான்கு விநாடியில் நூறைத் தொடும் ஆட்டோமேட்டிக்கை மட்டும் எங்கே ஓட்டுவது என்று திருப்பிக் கேட்கிறோம். அந்தக் காரின் கிளர்ச்சி வேகத்தில் மட்டுமே உள்ளது; அந்த வேகத்தைத் தாங்கும் சாலை நாஞ்சில் நாட்டில் இல்லை, தாங்குவதாக நினைத்து ஓட்டினால் பிறர் உயிர் போகும். மேனுவலோ ஐம்பது கிலோமீட்டரிலேயே இன்பம் தரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை நோக்கி, ரப்பர் தோட்டங்களுக்கிடையே வளைந்து ஏறும் சாலையில் போனாலே போதும். ஒவ்வொரு வளைவும் ஒரு கேள்வி. மூன்றா இரண்டா என்பதற்குக் காலும் கையும் காதும் சேர்ந்து விடை சொல்ல வேண்டும். எவரையும் அச்சுறுத்தாமல் கிடைக்கும் மகிழ்ச்சி அது. நெரிசலுக்கு ஒரு சிறிய ஆட்டோமேட்டிக் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை.

மற்றொன்று, பந்தயக்காரர்களே துடுப்புக்கு மாறிவிட்டார்களே என்பது. மாறித்தான் ஆக வேண்டும். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் போட்டியில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதை நம் ஊரே கொண்டாடியது. அந்த அணியின் போர்ஷே 911 ஜிடி3 கப் காரில் கியர் மாற்றுவது துடுப்பில்தான். கடிகாரம் நீதிபதியாக இருக்கிற இடத்தில் விநாடியின் ஒரு துளியை இழப்பது மடமை. பந்தயம் என்று பெயர் இருந்தாலும் அங்கே நடப்பது கடும் உழைப்பு; உழைப்புக்கு எந்திரம் உதவட்டும் என்றுதானே நாங்களும் சொல்கிறோம். ஆனால் உங்களைக் கடிகாரம் வைத்து யாரும் அளக்கவில்லை. பேச்சிப்பாறைக்கு 0.2 விநாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் அணை வற்றிவிடாது.

மின்கார்கள் வந்தபின் இந்தத் தகராறே முடிந்துவிடும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். 2023இல் வெளியான ஹ்யுண்டாயின் அயோனிக் 5 என் என்ற மின்கார் அவர்களுக்கு விடை சொல்கிறது. மின்மோட்டாருக்குக் கியர் மாற்றம் தேவையே இல்லை. ஆயினும் அதில் துடுப்பை இழுத்தால் கியர் மாறுவதுபோல் ஒரு குலுக்கலையும், எஞ்சின் உறுமுவதுபோல் ஓர் ஒலியையும் செயற்கையாக உண்டாக்கித் தருகிறார்கள். மனிதனிடமிருந்து ஒரு வேலையைப் பறித்தவர்கள், அதன் நினைவை அவனுக்கே விற்கிறார்கள். போலிக் கியரைக் கேட்டு வாங்குமளவுக்கு அந்தப் பசி உண்மையானதென்றால், உண்மைக் கியர் இன்னும் கிடைக்கும்போதே அதைக் காப்பாற்றிக்கொள்வதல்லவா அறிவு?

எனவே ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் வசதி படைத்த அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் எளிது. மேனுவல் கிடைக்கிற மாதிரியைக் கேளுங்கள். இல்லையென்று விற்பனையாளர் சொன்னால் ஏன் இல்லை என்று கேளுங்கள். உங்களைப் போன்ற சிலர் முணுமுணுத்ததால்தான் 2017இல் அது திரும்பி வந்தது. வசதியில்லாத எங்களைப் போன்றோர்க்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை தக்கலை நெரிசலில் பேருந்து நின்று நின்று நகரும்போது, ஓட்டுநரின் இடது முழங்காலை ஒருமுறை பாருங்கள். மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்ற விவாதத்தை அங்கிருந்து தொடங்குவோம்.