யானைமலையும் கல்லமேட்டு எலும்பும்

மதுரைக்கு வடகிழக்கே நிற்கும் யானைமலையைப் பற்றிக் கேட்டால் நமது புராணீகர்கள் உடனே சரித்திரம் சொல்லிவிடுவார்கள். சமணர் ஏவிய யானை, சிவபெருமான் விட்ட பாணத்தால் கல்லாய்ச் சமைந்ததாம். நாகமலை பாம்பாம், பசுமலை பசுவாம். ஆனால் இந்தப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. இவற்றில் ஓர் எலியின் எலும்புகூடக் கிடையாது.

மெய்யாகவே கல்லான பிராணிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் திருச்சிக்கு வடக்கே போக வேண்டும். அங்கே கடலும் ஆறும் கொண்டுவந்து போட்ட வண்டல் அடுக்கடுக்காய்ப் பாறையாகியிருக்கிறது. ஊட்டத்தூர்ப் பக்கத்துக் கீழடுக்கில் கிடைத்த முதுகெலும்புகளை 1879இல் லைடெக்கர் ஆராய்ந்து, அவை மீன் உருவங்கொண்ட இக்தியோசர் என்னும் ஊர்வன இனத்தைச் சேர்ந்தவை என்றார். மேலடுக்கான அரியலூர் ஜில்லா கல்லமேட்டின் டைனோசர் எலும்புகளைப் பற்றி 1929இல் மாட்லி எழுதினார்.

இதிலிருந்து பாறையின் வயது எப்படித் தெரியும்? ஓர் இனம் ஒரு காலத்தில் தோன்றி ஒரு காலத்தில் அழிகிறது. அழிந்தது திரும்பி வருவதில்லை. இக்தியோசர் சுமார் 9 கோடி வருஷங்களுக்கு முன்பே ஒழிந்தது. டைனோசர், பறவையாய் மிஞ்சிய கிளை தவிர, 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் ஒழிந்தது. ஆகவே அவை புதைந்த அடுக்கு அதற்கும் பழையதாகவே இருக்க வேண்டும். கடலடுக்குக்குச் சிப்பிகளும் சாட்சி சொல்லும். கல்லமேடோ ஆற்று வண்டல்; அங்கே எலும்பே முக்கிய சாட்சி.

வருஷக் கணக்கு வந்ததெப்படி? உலகில் வேறு இடங்களில் இதே காலத்துப் பிராணிகளுள்ள அடுக்குகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் இருக்கிறது. அதிலுள்ள யுரேனியம் எவ்வளவு ஈயமாய் மாறியிருக்கிறது என்று அளந்து கண்ட கணக்கு அது.

“பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி வருஷம் என்று எங்கள் சாஸ்திரத்திலும் உண்டே!” என்பார் புராணீகர். பெரிய எண்ணைச் சொல்லுவது அறிவாகுமா? அது எப்படிக் கிடைத்தது என்று காட்டுவதல்லவா அறிவு? கல்லமேட்டு அடுக்கில் நாளைக்கே ஒரு யானையின் எலும்பு கிடைத்தால் விஞ்ஞானி தன் கணக்கைத் திருத்தியே தீர வேண்டும். எது கிடைத்தால் யானைமலைக் கதையைக் கைவிடுவோம் என்று புராணீகர் சொல்லுவாரா?

கல்லமேட்டில் கண்டு, 1980களில் ப்ருகத்காயோசரஸ் எனப் பெயரிட்ட பெரும் டைனோசரின் எலும்புகள் இன்று இல்லை, உதிர்ந்து போயின. கதை உதிர்ந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். சாட்சி உதிர்ந்தால் போனதுதான். ஆகவே தோழர்களே, நிலத்தில் இப்படியொரு எலும்பு கண்டால் பொட்டிட்டுக் கும்பிடவும் வேண்டாம், உடைத்து எறியவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, அறிந்தவர்களுக்குச் சொல்லியனுப்புங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அதன் பாதி விலை.