பொத்தான் கடையும் மரக் கோபுரமும்

60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர் என்று வரலாறு கூறுகிறது. காது கேட்டுக்கொள்கிறது, மனமோ அந்த எண்ணைத் தூக்கமாட்டாமல் கீழே போட்டுவிடுகிறது. நச்சுப் புகை அறைகளும் பிணக் குவியல்களும் திரையிலே காட்டப்படும்போது நாம் பதறுகிறோம், உண்மை. ஆனால் பதறிய கையோடு, 'இப்பாதகத்தைச் செய்தவர்கள் மனிதர்களே அல்லர், அரக்கர்கள்' என்று கூறிவிட்டு, நிம்மதியாக வீடு திரும்புகிறோம் அல்லவா? அந்த நிம்மதியைப் பறிக்கின்ற படம் ஒன்று உண்டு. அந்நாள் செக்கோஸ்லோவாக்கியாவில், யான் காடாரும் எல்மார் குளோசும் சேர்ந்து இயக்கி, 1965-ல் வெளியிட்ட 'கடைவீதியில் ஒரு கடை' என்ற படமே அது. 1966-ல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது.

இப்படத்தில் கொலைக்களம் இல்லை. முள்வேலி முகாம் இல்லை. ஜெர்மானியரின் பெரும்படை அணிவகுத்து வரும் காட்சியும் இல்லை. இருப்பது ஒரு சிற்றூர், ஒரு பொத்தான் கடை, காது கேளாத ஒரு கிழவி, நாற்சந்தியிலே நாளுக்கு நாள் உயர்ந்து வரும் ஒரு மரக் கோபுரம். இவ்வளவுதான்! இவற்றை வைத்துக்கொண்டே ஓர் இனத்தின் அழிவைச் சொல்லிவிட்டார்கள். காடாரின் பெற்றோரும் சகோதரியும் ஆஷ்விட்சில் மாண்டவர்கள். சாவை நேராகக் காட்ட அவருக்கு உரிமை இல்லையா? இருந்தும் காட்டவில்லை.

கதை நிகழ்வது 1942-ல், ஹிட்லரின் நிழலிலே பிறந்த சுலோவாக்கிய அரசில். அதன் தலைவர் டிசோ ஒரு பாதிரியார், 1947-ல் தூக்கிலிடப்பட்டவர். யூதரின் கடைகளையும் தொழில்களையும் பிடுங்கிப் பிறருக்குக் கொடுக்க அவ்வரசு சட்டம் இயற்றியது. 'ஆரியமயமாக்கல்' என்று அதற்குப் பெயரும் சூட்டியது. (இச்சொல் நம் நாட்டில் வேறு வழக்குகளில் அடிபடுவது, அங்கே அதன் பொருள், யூதர் கையிலிருந்து பறித்து யூதர் அல்லாதார் கையில் கொடுப்பது என்பதே.) கொள்ளை என்று எழுதினால் கை கூசும், சட்டம் என்று எழுதினால் கூசாது!

தோனோ என்ற ஏழைத் தச்சன். கெட்டவன் அல்லன், சோம்பலும் அச்சமும் கொஞ்சம், குடியும் கொஞ்சம். அவனுடைய சகலை ஆளும் காவற்படையிலே அதிகாரி. அவன் ஒரு நாள் இரவு விருந்தோடு வந்து, தாள் ஒன்றை நீட்டுகிறான்: லாவுட்மன் என்ற யூத மூதாட்டியின் பொத்தான் கடைக்கு இனித் தோனோவே ஆரிய மேலாளர். மனைவி மகிழ்ந்து போகிறாள். தோனோ கடைக்குப் போகிறான். அங்கே என்ன இருக்கிறது? சரக்கு இல்லை, வருமானமும் இல்லை. கடை எப்போதோ நொடித்துவிட்டது. ஊர் யூதர்கள் திரட்டித் தரும் பணத்திலேதான் கிழவி உயிர் வாழ்கிறாள். வந்தவன் தன்னை விரட்ட வந்தவன் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. உதவிக்கு வந்த பிள்ளை என்று எண்ணிச் சோறு போடுகிறாள். மறைந்த கணவனின் உடையை எடுத்து உடுத்தச் சொல்கிறாள்!

நினைத்துப் பாருங்கள், தோழர்களே! பறிக்க வந்தவன், பறிகொடுப்பவளின் கணவன் உடையிலே நிற்கிறான். இதைவிடக் கூரிய குறியீடு எதற்கு? கொள்ளையிலே அவனுக்குக் கிடைத்த பங்கோ ஒரு வெறுங்கடை. இவனை விட்டால் இவனினும் கொடியவன் வருவான் என்று அஞ்சி, யூதர்களே இவனுக்கு வாரச் சம்பளம் கொடுக்கிறார்கள். அதையும் வாங்கிக்கொள்கிறான், கிழவியிடம் பாசமும் வைக்கிறான். இரண்டும் ஒரே நெஞ்சிலே குடியிருக்கின்றன.

வெளியே, மரக் கோபுரம் எழுகிறது. காவற்படையின் பெருமையைப் பறைசாற்றும் கோபுரம். யாருக்கும் நிழல் தராது, யாரும் குடியேற முடியாது. ஊரார் அதைச் சுற்றி உலாவுகிறார்கள், வணக்கம் பரிமாறுகிறார்கள். கிழவியின் செவிட்டுத்தனத்தைப் படம் பெரிதாகக் காட்டுகிறது. ஆனால் அவளுக்குக் காது கேளாதது முதுமையால். காது நன்றாகக் கேட்கும் ஊரார் ஏன் ஒன்றும் கேட்கவில்லை?

ஒரு நாள் யூதர்களை நாற்சந்தியிலே திரட்டுகிறார்கள், பெயர்களைப் படிக்கிறார்கள். உண்மை வரலாற்றில், 1942 மார்ச்சிலிருந்து அக்டோபருக்குள் சுலோவாக்கியாவிலிருந்து ஏறத்தாழ 58,000 யூதர்கள் அனுப்பப்பட்டனர். தலைக்கு 500 மார்க் ஜெர்மனிக்குத் தர அவ்வரசே ஒப்புக்கொண்டது. திரும்பியவர் சில நூறு பேர். தோனோ கடைக்குள்ளே நின்று கண்ணாடி வழியே பார்க்கிறான். கிழவியை ஒளிப்பதா, தானே வெளியே தள்ளித் தன் தலையைக் காத்துக்கொள்வதா? குடிக்கிறான், கெஞ்சுகிறான், அதட்டுகிறான். இறுதியில் அவளை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறான். கதவைத் திறந்தபோது அவள் பிணம். காப்பாற்றத் தள்ளினானா, தொலைக்கத் தள்ளினானா? அவனுக்கே தெரியாது. தூக்குப் போட்டுக்கொள்கிறான்.

ஸ்பீல்பர்க் 1993-ல் எடுத்த 'ஷிண்ட்லரின் பட்டியல்' படத்திலே, கறுப்பு வெள்ளைக் காட்சிக்கு நடுவே சிவப்பு மேலங்கி அணிந்த சிறுமி நடந்து போவாள். உள்ளத்தை உலுக்கும் காட்சிதான், குறை கூறேன். எனினும் அதைக் குன்றின் மேலிருந்து பார்க்கிறான் நாயகன். நாமும் அங்கிருந்தே பார்க்கிறோம், பார்த்து இரங்குகிறோம். பொத்தான் கடையிலோ நமக்குக் குன்று கிடையாது. கதவைத் தள்ளும் கையோடு நம் கையும் சேர்ந்து போகிறது. எனக்கு இதுவே மேலான கலை என்று படுகிறது.

படத்தின் முடிவிலே ஒரு கனவு வருகிறது. கடைக் கதவு திறக்கிறது. வெள்ளை ஒளி பொங்கும் வீதியிலே கிழவியும் தோனோவும் ஆடிக்கொண்டு போகிறார்கள். 'இத்தனை கொடுமைக்குப் பிறகு இனிப்பு எதற்கு?' என்று கேட்பவர் உண்டு. இனிப்பா அது? ஒரு கிழவியும் ஒரு தச்சனும் வெயிலிலே உலாவப் போவது எந்த ஊரிலும் நடக்கும் சாதாரணச் செயல். அந்தச் சாதாரணச் செயலே கனவிலேதான் நடக்க முடிந்தது. அவர்கள் ஆடிக்கொண்டு போகிற அந்த வேளையிலே, பின்னே, கடைக்குள்ளே, இரண்டு பிணங்கள் இருக்கின்றன.